பாலையா வில்லனாக வீணானாரா?

ஏப்ரல் 6

ஒரு வாசகர் கேட்டது: "டி.எஸ். பாலையா மாதிரி ஒரு மகா நடிகரை முப்பது வருஷம் வில்லனாகவே போட்டு வீணடித்துவிட்டார்கள். 1964இல் ஸ்ரீதர் 'காதலிக்க நேரமில்லை' எடுக்காமல் இருந்திருந்தால் இன்று அவர் பெயரே யாருக்கும் தெரியாது. சரிதானே?"

இரண்டாவது பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இன்று இருபது வயதில் இருப்பவர்களிடம் பாலையா என்றால் நாகேஷ் கதை சொல்லும் காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். முதல் பாதியை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அந்த வில்லன் வருஷங்கள் இல்லாமல் அந்தக் காட்சியே இல்லை. ஏன் என்று எழுதுகிறேன், இன்றைக்கு நேரமில்லை.

ஏப்ரல் 7

முதலில் கணக்கு. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' 1936இல் வந்தது. எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், எம்.கே. ராதா, பாலையா எல்லோருக்கும் அதுதான் தொடக்கம். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் வேடம். பாலையாவுக்கோ கதையை நகர்த்தும் வில்லன் வேடம். அடுத்த வருஷமே அதே டங்கன் 'அம்பிகாபதி'யில் அவரை ருத்ரசேனனாக்கினார். எதிரே நிற்பது எம்.கே. தியாகராஜ பாகவதர். அந்தக் காலத்தில் பாகவதருக்கு எதிராக நிற்பது என்றால் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் மொத்த ஜனத்தின் வெறுப்பையும் ஒருவராகத் தாங்கவேண்டும். பாகவதர் வாயைத் திறந்து பாடினால் போதும், ஊர் அவர் பக்கம். வில்லனுக்குப் பாட்டு கிடையாது. முகமும் குரலும்தான் மூலதனம்.

1914இல் பிறந்தவர், அப்போது இருபத்துமூன்று வயது இளைஞர். அந்த வயதில் ஒரு தளபதியின் வஞ்சத்தைத் தோளில் சுமந்துகொண்டு நிற்க முடிந்தது என்றால் அது நாடக மேடை கொடுத்த பயிற்சி. இதை வீணடிப்பு என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 7, இரவு

ஒன்று விட்டுப்போனது. 1936இல் தொடங்கி 1972 ஜூலையில் அவர் இறக்கும் வரை முப்பத்தாறு வருஷம். 'காதலிக்க நேரமில்லை'க்கு முன்னால் இருபத்தெட்டு, பின்னால் எட்டு. நாம் கொண்டாடுவது அந்தக் கடைசி எட்டை மட்டும்தான்.

ஏப்ரல் 10

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "வில்லன் என்றால் உறுமுவது, புருவத்தைத் தூக்குவது, சிரிப்பது. பி.எஸ். வீரப்பாவே போதும். பாலையா வில்லனில் என்ன தனியாக இருக்கிறது?"

வீரப்பாவை இப்படித் தள்ளவேண்டாம். அந்தச் சிரிப்பு வந்தால் கொட்டகை அதிரும். ஆனால் வீரப்பா நுழையும்போதே வில்லன். நம்பியார் கையைப் பிசைந்தால் வில்லன். பாலையா அப்படி இல்லை. எதிராளி பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருப்பார், அங்கேதான் அவருடைய வில்லத்தனம் இருக்கிறது. 'மதுரை வீரன்' (1956) நரசப்பனைப் பாருங்கள். தன் பேச்சு முடிந்ததும் அவர் முகம் அணைவதில்லை. மற்றவர் சொல்வதில் தனக்கு என்ன லாபம் என்று அந்தக் கண் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அடுத்து அவர் பேசும் வசனத்துக்கு விதை அந்தக் கணக்கில் விழுந்திருக்கும்.

என் மொத்த வாதமும் இதுதான். பாலையா கேட்கத் தெரிந்த நடிகர். வில்லனாக இருந்தபோது கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டார். கோமாளியாக இருந்தபோது நம்பிக்கொண்டே கேட்டார். அப்பாவாக இருந்தபோது விழுங்கிக்கொண்டே கேட்டார். வேலை ஒன்றுதான்.

ஏப்ரல் 11

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு 'காதலிக்க நேரமில்லை'யை மறுபடி போட்டேன். கதை சொல்லும் காட்சி. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி செல்லப்பா அப்பாவிடம் திகில் கதை சொல்கிறான். நாகேஷ் கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாவற்றையும் வாயாலேயே உண்டாக்குகிறார். அதெல்லாம் அற்புதம், யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், திரையைப் பார்க்காமல். சிரிப்பு பாதியாகிவிடும். மீதிப் பாதி பாலையா முகத்தில் இருக்கிறது.

அந்தச் சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் மகனை உதவாக்கரை என்று நினைப்பவர். படம் எடுக்கப் பணம் தரமாட்டேன் என்பவர். அப்படிப்பட்டவர் முதலில் ஏளனமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஆர்வம் வருகிறது. பிறகு பயம். ஏளனத்திலிருந்து பயத்துக்கு வந்த அந்த வழியில் எந்த இடத்தில் திரும்பினார் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. பயந்துவிட்டோம் என்பதே விஸ்வநாதனுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சிரிப்பு அந்த இடைவெளியில் வருகிறது.

இருபத்தெட்டு வருஷம் மற்றவர் பேச்சைக் கணக்குப் போட்டுக் கேட்ட மனுஷர், இங்கே கணக்கை எடுத்துவிட்டு வெறுமனே கேட்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 11, கொஞ்சம் கழித்து

அதே படத்தில் இன்னொரு இடம், எனக்கு அதைவிடப் பிடித்தது. வேலையை விட்டுத் துரத்திய அசோக், தன் வீட்டு வாசலிலேயே "விஸ்வநாதன் வேலை வேண்டும்" என்று பாடிய பையன், ஒரு கோடீஸ்வரரின் மகன் என்று விஸ்வநாதன் நம்பும் இடம். முத்துராமன் கிழவர் வேஷத்தில் சிதம்பரமாக உட்கார்ந்திருக்கிறார். "அசோகர் உங்க மகருங்களா?" என்கிறார் பாலையா.

வசனம் சித்ராலயா கோபு, ஸ்ரீதர் கூட்டணியின் குறும்பு, சரி. ஆனால் அந்த 'ர்' விகுதியை ஒரு நகைச்சுவை நடிகர் சொல்லியிருந்தால் அழுத்திச் சொல்லி, கைதட்டலுக்கு நிறுத்தியிருப்பார். பாலையா மனமாரச் சொல்கிறார். பணத்தின் முன் ஒரு மனுஷனுடைய முதுகு தானாக வளைகிறது, அதோடு நாக்கும் வளைகிறது. அவர் யாரையும் சிரிக்கவைக்க முயலவில்லை. உண்மையாகவே மரியாதை கொடுக்கிறார்.

ஏப்ரல் 13

"இந்தியில் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். பார்த்தேன். ஸ்ரீதரே 1966இல் 'பியார் கியே ஜா' என்று எடுத்தார். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். இரண்டு பேரும் பெரிய கலைஞர்கள். வடக்கே அந்தக் காட்சியை இன்றும் கொண்டாடுகிறார்கள், அது நியாயமும்கூட. என் கண்ணுக்கு ஓம் பிரகாஷ் பயத்தைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடுகிறார். அவர் நகைச்சுவைக்காரர் என்பது பார்ப்பவர்களுக்கு முன்பே தெரியும். பாலையா 1964இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது தமிழ் ஜனத்துக்கு அவர் நரசப்பன். நரசப்பன் பேய்க்கதைக்குப் பயப்படுகிறான்! இந்த அதிர்ச்சியை எந்த மறுஆக்கத்திலும் கொண்டுவர முடியாது.

ஏப்ரல் 13, பிற்பகல்

ஆனால் மேலே எழுதியது அவரை வில்லன் பெட்டிக்குள்ளேயே அடைக்கிற மாதிரி ஆகிவிடக்கூடாது. 1964க்கு முன் அவர் வில்லன் மட்டும் இல்லை. 1949இல் அண்ணாவின் 'வேலைக்காரி'. கே.ஆர். ராமசாமிதான் ஆனந்தன். பழிவாங்கக் கத்தியோடு கிளம்புகிறவனைத் தடுத்து "கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு" என்று சொல்லும் நண்பன் மணி யார்? பாலையா. திராவிட இயக்க மேடைகளில் அத்தனை முறை திரும்பச் சொல்லப்பட்ட அந்த வரி முதலில் திரையில் ஒலித்தது இவர் தொண்டையில்.

அப்புறம் 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் சேட்டு வேடம். "நம்பள்கி நிம்பள்கி" என்று பேசிக்கொண்டு வருவார். வில்லங்கமான ஆள்தான், ஆனால் கொட்டகை சிரித்துத் தீர்த்தது. ஆக ஸ்ரீதர் புதையலைத் தோண்டி எடுத்தார் என்பது சரியில்லை. நகைச்சுவை பத்து வருஷம் முன்பே அங்கே இருந்தது. ஸ்ரீதர் அதற்கு ஒரு முழு வீட்டைக் கட்டிக் கொடுத்தார்.

ஏப்ரல் 17

'திருவிளையாடல்' பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம் என்பதால் தள்ளிவைத்திருந்தேன்.

1965. ஏ.பி. நாகராஜன் படம். ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபைக்கு வருகிறார், "ஒரு நாள் போதுமா" என்று பாடுகிறார். குரல் பாலமுரளிகிருஷ்ணா. கண்ணதாசன் பாட்டு, கே.வி. மகாதேவன் இசை, ராகமாலிகை. பாட்டு ஒவ்வொரு ராகமாகத் தாவும்போது அந்த ராகத்தின் பெயரும் வரியிலேயே வந்து விழும். தோடி, தர்பார், மோகனம், கானடா.

பாலமுரளிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பாலையாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இளமையான, வழுக்கிக்கொண்டு போகும் அந்தக் குரலைக் கனத்த உடம்புக்குள் வைக்கவேண்டும். பாகவதர்கள் பாடும்போது உதடு மட்டும் அசைவதில்லை. கை ஒரு பக்கம் சங்கதியை இழுக்கும், தலை இன்னொரு பக்கம் அதை ரசிக்கும், கண் சபையில் யார் ரசிக்கவில்லை என்று தேடும். மூன்றும் அவரிடம் இருக்கின்றன. மூன்றாவதுதான் ஹேமநாதரின் குணமே. பாடிக்கொண்டே பாராட்டை வசூல் செய்கிற ஆள் அவர்.

தியாகராஜ பாகவதருக்கு எதிரே பாட்டில்லாமல் நின்ற வில்லனுக்கு, இருபத்தெட்டு வருஷம் கழித்து ஒரு பாகவதர் வேடம், அதில் தமிழ் சினிமாவின் ஆகச்சிறந்த சாஸ்திரியப் பாட்டுகளில் ஒன்று. இதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துபோகிறது.

ஏப்ரல் 18

நேற்று பாட்டோடு நிறுத்திவிட்டேன். உண்மையான நடிப்பு பாட்டுக்கு அப்புறம்தான்.

விறகு விற்ற படலம் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கும் கதை. நமக்கு முடிவு முன்பே தெரியும். ஹேமநாதர் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் விறகுவெட்டி வடிவில் சிவன் வந்து பாடுகிறார். "பாட்டும் நானே பாவமும் நானே". அது முழுக்க சிவாஜிக்கும் டி.எம்.எஸ்ஸுக்கும் உரிய பாட்டு. உள்ளே இருந்து பாலையா கேட்கிறார். மறுபடியும் பாருங்கள், கேட்கிறார்!

பிறகு விறகுவெட்டியிடம் விசாரிக்கிறார். மறுநாள் சபையில் ஹேமநாதரை எதிர்த்துப் பாடவேண்டிய பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப் போனதாகவும், தகுதியில்லை என்று அவர் அனுப்பிவிட்டதாகவும் விறகுவெட்டி சொல்கிறான். தகுதியில்லை என்று தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார்? இந்தக் கேள்வியை ஹேமநாதர் வாய் கேட்பதற்கு முன் முகம் கேட்டுவிடுகிறது. அகந்தை உடைந்து விழுவதை நான் எதிர்பார்த்தேன். உடையவில்லை, காற்று போன மாதிரி இறங்குகிறது. சங்கீதம் தெரிந்தவன் என்பதால்தான் ஹேமநாதருக்குத் தோல்வி புரிகிறது. தெரியாதவனாக இருந்தால் மறுநாள் சபைக்குப் போயிருப்பான். தோல்வியை ஏற்பதே ஒரு வித்வத் என்று காட்டிவிட்டு இரவோடு இரவாகப் புறப்படுகிறார். அந்த இடத்தில் அவர் வில்லன் இல்லை. எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வரவில்லை, மரியாதைதான் வந்தது.

ஏப்ரல் 18, இரவு

கைபேசியில் துண்டுதுண்டாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஒரு நாள் போதுமா" துண்டு பாட்டோடு முடிந்துவிடும். விறகுவெட்டிக் காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். பாலையா காட்சிகளை வெட்டுகிறவர்கள் வசனம் இருக்கும் இடத்தை வைத்துக்கொண்டு கேட்கும் இடத்தை வெட்டிவிடுகிறார்கள். மீதி இருப்பது அவருடைய பாதிதான்.

ஏப்ரல் 22

'தில்லானா மோகனாம்பாள்' (1968). கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர், ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரத்தின் (சிவாஜி) நாதஸ்வரக் குழுவில் பாலையா தவில் வித்வான் முத்துராக்கு.

அம்மாவின் சித்தப்பா ஒருவர் தவில் வாசித்தவர். சின்ன வயதில் டிவியில் இந்தப் படம் போட்டபோது எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். நாங்கள் சிவாஜியின் கன்னத்தையும் தொண்டையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பாலையாவை மட்டும் பார்த்தார். "அந்தாளு கையைப் பாக்காதே, உக்காந்திருக்கிற விதத்தைப் பாரு. தவில்காரன்னா நாயனக்காரர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருக்கணும். அவரு எங்கே மூச்சு எடுக்கிறாரோ அங்கே நமக்கு வேலை" என்றார். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், இடப்பக்கமான தொப்பியில் கழி. கை என்னவோ செய்துகொண்டிருந்தாலும் பார்வை சிவாஜியை விட்டு நகர்வதில்லை என்று காட்டினார்.

எனக்கு அது அன்று புரியவில்லை. இப்போது நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அதுவே சாட்சி. கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பாத்திரம் பாலையாவுக்குக் கிடைத்தது. படத்தில் சிவாஜி கோபக்காரர், பத்மினி கர்வக்காரி, நாகேஷின் வைத்தி தந்திரக்காரர், மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி வெள்ளந்தி. இத்தனை பேர் சத்தத்துக்கு நடுவே அந்தக் குழுவை ஒரு குழுவாக நாம் நம்புவதற்கு முத்துராக்கு ஒரு பெரிய காரணம். சண்முகசுந்தரம் கோபித்துக்கொண்டு எழுந்தால் இவரும் எழுவார். ஆனால் எழும்போது ஒரு மனசு கச்சேரியிலேயே இருக்கும்.

ஏப்ரல் 23

ஒருவர் கேட்டார்: சிவாஜி பக்கத்தில் உட்கார்ந்து தன்னை இழக்காமல் இருந்த நடிகர்கள் யார் யார்? பட்டியல் போடப் போவதில்லை. ரங்காராவ், எம்.ஆர். ராதா, பாலையா என்று உடனே வாயில் வருகிறது. இவர்களில் ராதா சிவாஜியோடு மோதுவார். ரங்காராவ் மலை மாதிரி நின்றுவிடுவார். பாலையா சிவாஜிக்கு இடம் விட்டுக்கொடுப்பார், அந்த விட்டுக்கொடுப்பதிலேயே நம் கண்ணைப் பிடித்துவிடுவார். 'ஊட்டி வரை உறவு' (1967) வேதாசலம், மனைவிக்குத் தெரியாமல் ஒரு மகளை வைத்துக்கொண்டு விழிக்கும் பணக்கார அப்பா. ஒவ்வொரு தடவை வாசல் பக்கம் சத்தம் கேட்கும்போதும் அந்த முகத்தில் ஓடும் பீதி!

ஏப்ரல் 27

'பாமா விஜயம்' (1967). எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த படம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலசந்தர் கதை. மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூன்று பிள்ளைகள். சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மூன்று மருமகள்கள். பக்கத்து வீட்டுக்கு நடிகை பாமா குடிவருகிறாள். அவளுக்குச் சமமாகக் காட்டிக்கொள்ள வீடு கடனில் மூழ்குகிறது. பெரியவர் எதிராஜ் பார்த்துக்கொண்டிருக்கிறார். "வரவு எட்டணா செலவு பத்தணா" பாட்டு எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் படத்தை ஜெமினி தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்தது. இரண்டும் 1968. தெலுங்கு 'பலே கோடள்ளு'வில் இந்த அப்பா வேடம் எஸ்.வி. ரங்காராவுக்கு. இந்தி 'தீன் பஹுராணியா'வில் பிருத்விராஜ் கபூருக்கு. 'முகலே ஆஸம்' படத்தில் அக்பராக இடிபோல முழங்கிய அதே பிருத்விராஜ்! ஒரு தமிழ் குணச்சித்திர நடிகர் செய்த வேடத்துக்கு இரண்டு மொழிகளில் யாரைத் தேடிப் போனார்கள் என்று பாருங்கள். வீணாகிப்போன நடிகரின் கதை மாதிரியா இருக்கிறது?

எதிராஜ் வேடத்தில் பெரிய வசனங்கள் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது, பிள்ளைகள் பொய் சொல்லும்போது பொய் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி அவர் உட்கார்ந்திருப்பது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பெரியவர்கள் பாதி நாள் இதைத்தான் செய்தார்கள். அப்பா கண்டுபிடித்துவிட்டார் என்று நமக்குத் தெரியும். அவர் கேட்காமல் விட்டுவிட்டார் என்பதும் தெரியும். என் அப்பா அப்படித்தான் இருந்தார். அதனால் இந்த வேடத்தை நான் நடுநிலையோடு மதிப்பிட முடியாது, மதிப்பிடவும் விரும்பவில்லை.

ஏப்ரல் 28

ஜூனியர் பாலையாவைப் பற்றி ஒரு கேள்வி. ஆமாம், இவருடைய மகன் ரகு. 1975இல் ஏ.பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் தொடங்கினார். 'கரகாட்டக்காரன்', 'சாட்டை' என்று நிறைய. 2023 நவம்பரில் காலமானார். அப்பாவின் குரலும் சாயலும் அவரிடம் அப்படியே இருந்தன. 'சாட்டை' தலைமையாசிரியரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நல்ல மனுஷனின் தயக்கத்தை எவ்வளவு அடக்கமாகச் செய்தார் என்று.

மே 2

கடைசியாக வந்த ஆட்சேபம் கனமானது. "கேட்கத் தெரிந்த நடிகர் என்றால் எஸ்.வி. சுப்பையாதான். பாலையாவுக்கு ஏன் இந்தப் பட்டம்?"

இரண்டு பேரையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்க பீம்சிங் வசதி செய்து கொடுத்திருக்கிறார். 'பாகப்பிரிவினை', 1959. பாலையா அண்ணன், சுப்பையா தம்பி. சி.கே. சரஸ்வதி அண்ணி. எம்.ஆர். ராதா வந்து கலகம் மூட்டுகிறார், குடும்பம் பிரிகிறது. சுப்பையா கேட்கும்போது காயப்படுகிறார். சொல் உள்ளே போய்த் தைப்பதும், அவர் இன்னும் கொஞ்சம் குனிவதும் தெரியும். பார்ப்பவர் மனசு உடனே அவரிடம் போய்விடும். பாலையா நிலைமை கஷ்டம். தம்பிமேல் பாசம் இருக்கிறது, மனைவி சொல்வதும் காதில் விழுகிறது. இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு, தப்பான பக்கம் சாயவேண்டிய வேடம். சாய்கிறவன்மேல் நமக்குக் கோபம் வரவேண்டும், ஆனால் அவனை வெறுத்துவிடவும் கூடாது. 1959இல் அவர் வில்லன் வேடங்கள் செய்துகொண்டிருந்த காலம் இது. கவனியுங்கள், ஸ்ரீதர் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பு.

சுப்பையாவிடமிருந்து அந்த மகுடத்தை நான் பிடுங்கவில்லை. துக்கத்தைக் கேட்பதில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் கணக்கு, பேராசை, பயம், கர்வம், பாசம், தோல்வி என்று இத்தனை விதமாகக் கேட்டவர் பாலையா ஒருவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதலில் கேள்வி கேட்ட வாசகர் 'பாகப்பிரிவினை'யை இன்னும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார். பார்த்துவிட்டு வாருங்கள், 'களத்தூர் கண்ணம்மா' ஜமீன்தாரை அப்புறம் எடுத்துக்கொள்வோம்.